ஒத்த உறுப்புகள்: எப்படி அடையாளம் காண்பது, எப்படிச் சேர்த்துச் சுருக்குவது

இயற்கணிதம் கற்கத் தொடங்குபவர்களில் பலரும் சமன்பாடு வரும்போதுதான் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் தடுமாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. "சுருக்குக" என்று ஒரு கணக்கு, அதன் கீழே இப்படி ஒரு வரி:

7க − 4 + 3ச − 2க + 9 − ச

எதை எதோடு கூட்டுவது? எதைத் தொடாமல் விடுவது? நடுவில் நிற்கும் அந்தக் கழித்தல் குறி யாருக்குச் சொந்தம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் இருந்தால், பின்னால் வரும் சமன்பாடு, காரணிப்படுத்துதல் எல்லாமே பாதி எளிதாகிவிடும். இவை தெளியாமல் மேலே போனால், எங்கே தவறு நடந்தது என்றே கண்டுபிடிக்க முடியாமல் திணற வேண்டியிருக்கும். அதனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

பாடநூல்களில் மாறிகளுக்கு எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள் வரும். இங்கே நான் க, ச, ப ஆகிய எழுத்துகளை வைத்துக்கொள்கிறேன். எந்த எழுத்தாக இருந்தாலும் விதி மாறாது. குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் இங்கேயே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து என்பது ஓர் எண். என்ன எண் என்று இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். 7க என்றால் அந்த எண்ணின் 7 மடங்கு. எண்களும் எழுத்துகளும் கூட்டல், கழித்தல் போன்ற குறிகளால் சேர்ந்து நிற்கும் மேலே உள்ளது போன்ற வரிக்குக் கோவை என்று பெயர். ஒரே கோவையில் க எத்தனை இடத்தில் வந்தாலும் எல்லா இடத்திலும் அதே எண்தான். கீழே வரும் ஒவ்வொரு விதியும் இதிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் துண்டு போடுங்கள்

கோவையில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எங்கெல்லாம் நிற்கின்றனவோ அங்கெல்லாம் அது துண்டாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் உறுப்பு என்று பெயர். பெருக்கலும் வகுத்தலும் உறுப்பைத் துண்டாக்குவதில்லை. 5கச என்பது 5 × க × ச. அது ஒரே உறுப்பு. க/3 என்பதும் ஒரே உறுப்பு. அடைப்புக்குறி இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஒரு சிறிய செங்குத்துக் கோடு போடுங்கள்:

7க | − 4 | + 3ச | − 2க | + 9 | − ச

கோடு குறிக்கு முன்னால் விழ வேண்டும், பின்னால் அல்ல. குறி எப்போதும் தனக்கு வலப்பக்கம் இருக்கும் உறுப்புக்குச் சொந்தம். மேலே உள்ள கோவையில் இருப்பது 4 அல்ல, −4. 2க அல்ல, −2க. முதல் உறுப்புக்கு முன்னால் எந்தக் குறியும் இல்லையென்றால் அது கூட்டல் என்று கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் செய்யும் தவறுகளில் பெரும் பங்கு இந்தக் குறியைப் பின்னால் விட்டுவிட்டு உறுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போவதால்தான் வருகிறது. அதனால் முதல் சில நாட்களுக்காவது கோடு போடும் பழக்கத்தை விடாதீர்கள். மனதிலேயே பிரிக்க வந்துவிட்டது என்று தோன்றிய பிறகு விட்டுவிடலாம்.

எண் தனியே, எழுத்து தனியே

ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு பகுதிகளைப் பாருங்கள். முன்னால் பெருக்கி நிற்கும் எண் கெழு. சில நூல்களில் இதைக் குணகம் என்பார்கள். மீதி இருப்பது எழுத்துப் பகுதி. 3ச என்பதில் கெழு 3, எழுத்துப் பகுதி ச. −2க என்பதில் கெழு −2, எழுத்துப் பகுதி க. கெழுவையும் குறியோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணே தெரியாத உறுப்பு ஒன்று இருக்கிறதே, அந்த −ச? அதன் கெழு −1. வெறும் க என்று இருந்தால் கெழு 1. 1 × க என்பதில் 1-ஐ எழுதுவது வழக்கமில்லை என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எண் இல்லை என்பதால் கெழு 0 என்று எடுத்துக்கொண்டால் அந்த உறுப்பே காணாமல் போய்விடும். ஐயமாக இருக்கும் வரை −ச என்பதை −1ச என்றே எழுதிக்கொள்ளுங்கள். அது தவறில்லை.

எழுத்தே இல்லாத −4, +9 போன்றவை மாறிலிகள். இவற்றுக்கு எழுத்துப் பகுதி இல்லை. அதனாலேயே இவை எல்லாம் ஒரே கூட்டம்.

எவை ஒத்தவை?

இரண்டு உறுப்புகளின் எழுத்துப் பகுதி அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அவை ஒத்த உறுப்புகள். அதே எழுத்துகள் இருக்க வேண்டும், ஒவ்வோர் எழுத்துக்கும் அதே அடுக்கு இருக்க வேண்டும். (அடுக்கு என்பது எழுத்தின் மேலே சிறிதாக எழுதும் எண். க² என்றால் க × க.) கெழுவைப் பார்க்கவே வேண்டாம். அது என்னவாக இருந்தாலும் கவலையில்லை.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கண் ஏமாறும் இடங்கள் சில உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

5க, 5ச இரண்டும் ஒத்தவை அல்ல. எண் ஒன்றாக இருப்பது கண்ணை இழுக்கும். ஆனால் எழுத்து வேறு. மாறாக, −100க என்பதும் க/2 என்பதும் பார்க்கச் சம்பந்தமே இல்லாதவை போல இருந்தாலும் ஒத்தவை. க/2 என்றால் க-வின் பாதி, அதாவது கெழு 1/2.

3க, 3க² ஒத்தவை அல்ல. க என்பது 10 என்று வைத்துக்கொண்டால் க² என்பது 100. ஒன்று பத்துகளின் எண்ணிக்கை, இன்னொன்று நூறுகளின் எண்ணிக்கை. எழுத்து ஒன்றாக இருப்பது மட்டும் போதாது, அடுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2கச, 7சக ஒத்தவை. பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது, ஆகவே கச-வும் சக-வும் ஒன்றே. இதைத் தவறவிடாமல் இருக்க, எழுத்துகளை எப்போதும் அகரவரிசைப்படி எழுதிக்கொள்வது நல்லது. 7சக என்று கொடுத்திருந்தால் 7கச என்று மாற்றி எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

க²ச, கச² ஒத்தவை அல்ல. இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். இரண்டிலும் அதே எழுத்துகள், இரண்டிலும் ஓர் அடுக்கு 2. ஆனால் அந்த 2 யார் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். விரித்து எழுதினால் முதலாவது க × க × ச, இரண்டாவது க × ச × ச. க-வுக்கு 3, ச-வுக்கு 5 போட்டால் முதலாவது 45, இரண்டாவது 75. ஐயம் வந்தால் இப்படி விரித்து எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது.

இன்னொன்று, 3க-வும் 3/க-வும். பின்னதில் க கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அது க-வின் மடங்கு அல்ல, ஆகவே இவையும் ஒத்தவை அல்ல.

சேர்க்கலாம் என்பதற்கு என்ன காரணம்?

விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். காரணம் தெரிந்தால் மறக்காது. 3க + 5க என்பதை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணின் 3 மடங்கு, அதோடு அதே எண்ணின் 5 மடங்கு. மொத்தம் 8 மடங்கு. எழுத்தில் எழுதினால்:

3க + 5க = (3 + 5)க = 8க

இது பங்கீட்டுப் பண்புதான், அதாவது (3 + 5) × க = 3 × க + 5 × க என்பது. வலமிருந்து இடமாகப் படித்திருக்கிறோம். இரண்டு உறுப்பிலும் பொதுவாக இருக்கும் எழுத்துப் பகுதியை வெளியே எடுத்தோம், உள்ளே கெழுக்கள் மட்டும் மிஞ்சின, அவற்றைக் கூட்டினோம். ஆகவே கூட்டும்போது மாறுவது கெழு மட்டும். எழுத்தும் அடுக்கும் இருந்தபடியே இருக்கும். 3க² + 5க² என்றாலும் 8க²தான், 8க⁴ அல்ல. அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலில் நடப்பது. கூட்டலில் அதற்கு வேலையே இல்லை.

3க + 5ச என்றால்? வெளியே எடுக்கப் பொதுவாக எதுவும் இல்லை. அதனால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

இந்தியக் கணித அறிஞர் பாஸ்கராச்சாரியார் 1150-ஆம் ஆண்டில் எழுதிய பீஜகணிதம் என்ற இயற்கணித நூலில் இதே விதி இருக்கிறது: ஒரே இனத்தவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம், வேறு இனத்தவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தெரியாத எண்கள் பல வந்தால் நிறங்களின் பெயரைச் சொல்லியே பிரித்தார்கள். கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று. எழுத்துக்குப் பதில் நிறம், மற்றபடி நாம் செய்யும் அதே வேலைதான்.

இந்த இடத்தில் பலர் ஓர் உவமை சொல்வார்கள். "க என்றால் பேனா, ச என்றால் பென்சில், 3 பேனாவையும் 5 பென்சிலையும் சேர்த்து 8 பேனா என்று சொல்ல முடியுமா?" கேட்க எளிதாக இருக்கும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. எழுத்து என்பது பொருள் அல்ல, எண். பேனா உவமையோடு வளர்ந்தவருக்கு 3க × 5ச = 15கச என்று வந்ததும் குழப்பம் தொடங்கிவிடும். பேனாவையும் பென்சிலையும் எப்படிப் பெருக்குவது? அதற்கு விடை கிடையாது. எண் என்று பழகியவருக்கு இந்தக் குழப்பமே வராது. அவருக்கு அது இரண்டு எண்களின் பெருக்கல், அவ்வளவுதான்.

ஒரு கணக்கை முழுதாகச் செய்வோம்

முதலில் பார்த்த கோவைக்கே வருவோம்.

7க − 4 + 3ச − 2க + 9 − ச

கோடு போட்டாயிற்று. இப்போது க உறுப்புகளுக்கு அடிக்கோடு இடுங்கள், ச உறுப்புகளைச் சுற்றி வட்டம் போடுங்கள், மாறிலிகளைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். குறியும் வட்டத்துக்குள், கட்டத்துக்குள் வந்தாக வேண்டும். அப்புறம் ஒத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி மாற்றி எழுதுங்கள்:

7க − 2க + 3ச − ச − 4 + 9

உறுப்புகளை இடம் மாற்றலாமா என்று கேட்கலாம். குறியையும் கூடவே எடுத்துச் சென்றால் தாராளமாக மாற்றலாம். கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது. கழித்தலையும் குறை எண்ணைக் கூட்டுவதாகவே கொள்கிறோம்.

இனி கெழுக்கள் மட்டும். 7 − 2 = 5. 3 − 1 = 2. −4 + 9 = 5. ஆகவே:

5க + 2ச + 5

இதற்கு மேல் சுருக்க முடியாது. கணக்கு முடிந்தது.

நீளமான கோவையானால் சேர்த்து முடித்த உறுப்பின் மேல் ஒரு சிறிய புள்ளி வைத்துவிடுங்கள். கடைசியில் புள்ளி இல்லாத உறுப்பு எதுவும் மிஞ்சக் கூடாது. ஓர் உறுப்பை மறப்பதும், ஒரே உறுப்பை இரண்டு முறை எண்ணுவதும் இந்தப் புள்ளியால் நின்றுவிடும்.

"முடியாத" விடையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

5க + 2ச + 5 என்ற விடையில் கூட்டல் குறி இன்னும் நிற்கிறது. இது நிறையப் பேருக்கு உறுத்தும். எண்கணிதத்தில் 3 + 5 என்று நின்றால் கணக்கு முடியவில்லை என்று பொருள். 8 என்று எழுதினால்தான் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் 3க + 5 என்பதையும் பார்த்ததும் கை தானாக 8க என்று எழுதப் போகும்.

நில்லுங்கள். க-வுக்கு 10 போட்டுப் பாருங்கள். 3க + 5 என்பது 35. 8க என்பது 80. இரண்டும் ஒன்றல்ல. 3க + 5 என்பதே முழுமையான விடை. "ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு 5" என்ற அந்த ஒரே எண்ணைத்தான் அது குறிக்கிறது. கூட்டல் குறி விடையில் நிற்பது குறையே அல்ல. ஒத்த உறுப்புகளின் பாடத்தில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் கணிசமானவை, சரியான விடையை எழுதிவிட்டு, அது முடியவில்லை என்று நினைத்து மேலும் ஒரு வரி எழுதுவதால் போகின்றன என்பது என் கணிப்பு.

எண் போட்டுச் சரிபார்ப்பது

மேலே செய்தோமே, க-வுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தோம், அதை எல்லாக் கணக்குக்கும் செய்யலாம். விடைப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. சுருக்குவதற்கு முன்பிருந்த கோவையும் சுருக்கிய கோவையும் எந்த எண்ணைப் போட்டாலும் ஒரே மதிப்பைத் தர வேண்டும்.

நம் கணக்கில் க = 3, ச = 5 என்று போடுவோம். மூலக் கோவை: 21 − 4 + 15 − 6 + 9 − 5 = 30. விடை: 15 + 10 + 5 = 30. சரி, பொருந்துகிறது.

எந்த எண்ணைப் போடுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். எளிதாக இருக்கிறதே என்று 1-ஐப் போடாதீர்கள். 3க + 5 = 8க என்ற தவறான வரியில் க = 1 போட்டால் இரண்டு பக்கமும் 8 வரும்; தவறு தப்பித்துவிடும். 1-இன் எந்த அடுக்கும் 1 என்பதால் அடுக்கில் செய்த தவறும் தெரியாது. 0 போட்டால் எழுத்துள்ள உறுப்புகள் எல்லாமே மறைந்துவிடும். 2 பரவாயில்லையா என்றால், 2 + 2-வும் 4, 2 × 2-வும் 4. க + க = க² என்று யாராவது எழுதியிருந்தால் 2 அதைச் சரி என்று சொல்லிவிடும். அதனால் 3, 5, 10 போன்ற எண்களே நல்லவை. இரண்டு எழுத்துகள் இருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு எண் கொடுங்கள். ஒரே எண் கொடுத்தால் க-வையும் ச-வையும் மாற்றி எழுதியது தெரியாமல் போகும்.

மதிப்புகள் பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு இருப்பது உறுதி. பொருந்தினால் நூற்றுக்கு நூறு சரி என்று சொல்லிவிட முடியாது, தற்செயலாகவும் பொருந்தலாம். இன்னொரு எண்ணையும் போட்டுப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

குறைக் குறிகள்

இங்கேதான் கொஞ்ச நேரம் செலவிட வேண்டும். −4க − 3க என்ன? இதைப் பார்த்ததும் "கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல்" என்று எங்கோ படித்தது நினைவுக்கு வரும். விடை 7க என்று எழுதத் தோன்றும். அந்த வாக்கியம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. (−4) × (−3) = 12, அது சரி. −(−3) = 3, அதுவும் சரி. ஆனால் −4-இலிருந்து இன்னும் 3 இறங்கினால் −7-க்குத்தான் போவோம். ஆகவே −4க − 3க = −7க. எண்கோட்டில் வைத்துப் பாருங்கள்: பூச்சியத்துக்கு இடப்பக்கம் 4, அங்கிருந்து மேலும் இடப்பக்கமே 3.

மற்றவையும் இதே வழியில்தான். 5க − 8க = −3க. −6க + க = −5க; இங்கே க-வின் கெழு 1 என்பதை மறக்கக் கூடாது. −6க + 6க = 0; இதை 0க என்று எழுத வேண்டியதில்லை, அந்த உறுப்பே போய்விட்டது. 4க − 3க = 1க, அதை க என்று எழுதினால் போதும். 4க − க என்பதில் க-வை நீக்கி 4 என்று எழுதுகிறவர்களும் உண்டு. 4 மடங்கிலிருந்து 1 மடங்கு போனால் 3 மடங்கு, விடை 3க.

அடைப்புக்குறி இருந்தால்

அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் எண் இருந்தால் அது உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும். முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது. முன்னால் கழித்தல் குறி மட்டும் இருந்தால் அதை −1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாக் குறிகளும் மாறிவிடும்.

5 − (2க − 3) = 5 − 2க + 3 = 8 − 2க

உள்ளே இருந்த −3 வெளியே வரும்போது +3 ஆனதைக் கவனியுங்கள். இதை 5 − 2க − 3 என்று எழுதுவது மிகவும் பரவலான தவறு.

இன்னும் ஒரு படி கடினமான ஒன்று:

3(2க − 5) − 2(க − 4)

முதல் அடைப்பு: 6க − 15. இரண்டாவதைப் பெருக்கும் எண் −2, வெறும் 2 அல்ல. −2 × க = −2க, −2 × −4 = +8. சேர்த்து எழுதினால்:

6க − 15 − 2க + 8 = 4க − 7

க = 3 போட்டுப் பார்த்தால் மூலக் கோவை 3 × 1 − 2 × (−1) = 5; விடை 12 − 7 = 5. பொருந்துகிறது. அடைப்புக்குறி உள்ள கணக்குகளில் மட்டுமாவது இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள்.

அடுக்குகள், பின்னங்கள்

அடுக்கு அதிகமானால் வேலை நீளுமே தவிர மாறாது.

4க² + 3க − க² + 5க³ − 7க + 2

க³ ஒன்றுதான்: 5க³. க² உறுப்புகள் 4 − 1 = 3. க உறுப்புகள் 3 − 7 = −4. மாறிலி 2. விடை 5க³ + 3க² − 4க + 2. பெரிய அடுக்கிலிருந்து சிறிய அடுக்குக்கு இறங்கி எழுதுவது வழக்கம். கட்டாயம் இல்லை, ஆனால் எதையும் விடாமல் இருக்க உதவும்.

இரண்டு கோவைகளைக் கூட்டச் சொன்னால் ஒன்றன்கீழ் ஒன்றாக, க²-க்கு நேரே க², க-வுக்கு நேரே க என்று எழுதிக் கூட்டலாம். 2க² + 4க + 5-உம் 3க² + க + 2-உம் சேர்ந்தால் 5க² + 5க + 7. இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். க-வுக்கு 10 போடுங்கள்: 245 + 312 = 557. நூறுகளை நூறுகளோடும், பத்துகளைப் பத்துகளோடும், ஒன்றுகளை ஒன்றுகளோடும் கூட்டினோமே, அதுவும் ஒத்தவற்றைச் சேர்ப்பதுதான். சிறு வயதில் கூட்டல் கற்ற நாளிலிருந்தே இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

கழிக்கச் சொன்னால் கீழே இருக்கும் கோவையின் எல்லாக் குறிகளையும் மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். (6க² − 2க + 9) − (4க² − 5க + 1) என்றால் 6க² − 2க + 9 − 4க² + 5க − 1, அதாவது 2க² + 3க + 8.

பின்னக் கெழு வந்தால் பின்னக் கூட்டல்தான். க/2 + க/3 என்பதில் கெழுக்கள் 1/2, 1/3. மீச்சிறு பொது மடங்கு 6. 3/6 + 2/6 = 5/6. விடை 5க/6. மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2க/5 என்று எழுதிவிட்டால், க = 12 போட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும்: 6 + 4 = 10, ஆனால் 24/5 என்பது 5-ஐக்கூட எட்டவில்லை. தசமக் கெழுக்களுக்குத் தனி விதி எதுவும் கிடையாது, 0.5க + 1.25க = 1.75க.

சமன்பாட்டில்

5க + 3 − 2க = 18 என்று வந்தால் முதலில் இடப்பக்கம் இருக்கும் ஒத்த உறுப்புகளைச் சேருங்கள்: 3க + 3 = 18. இரண்டு பக்கமும் 3-ஐக் கழித்தால் 3க = 15, க = 5.

ஆனால் 7க − 4 = 3க + 12 என்பதில் 7க-வையும் 3க-வையும் பார்த்ததும் 10க என்று சேர்த்துவிடக் கூடாது. அவை ஒத்த உறுப்புகள்தான், ஆனால் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன, ஒன்றோடொன்று கூட்டப்படவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் 3க-வைக் கழித்தால் 4க − 4 = 12. அப்புறம் 4க = 16, க = 4. மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 24, வலப்பக்கமும் 24.

வடிவியலிலும் இது அடிக்கடி வரும். ஒரு செவ்வகத்தின் நீளம் 2க + 3, அகலம் க − 1 என்றால் சுற்றளவு 2(2க + 3) + 2(க − 1) = 4க + 6 + 2க − 2 = 6க + 4. க = 5 என்றால் நீளம் 13, அகலம் 4, சுற்றளவு 34; 6 × 5 + 4-உம் 34.

நீங்களே செய்து பார்க்க

விடையைப் பார்ப்பதற்கு முன் எண் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

1. 9ப − 5 − 4ப + 2
2. 3கச − 2க + 5சக + 6க
3. 2க²ச + 3கச² − க²ச
4. 4(ப − 2) − (3ப − 7)
5. க/4 + க/6
6. 5க − 2ச + 3 − 5க + 2ச

முதலாவதன் விடை 5ப − 3. இரண்டாவது 8கச + 4க. இதில் சக-வை கச என்று மாற்றி எழுதியிருந்தால் தடுமாற்றம் இருந்திருக்காது. மூன்றாவது க²ச + 3கச². இதற்கு மேல் சேர்க்க முயன்றிருந்தால் இரண்டையும் விரித்து எழுதிப் பாருங்கள். நான்காவது ப − 1. உங்களுக்கு ப − 15 என்று வந்திருந்தால் அடைப்புக்கு முன்னால் இருந்த கழித்தல் குறி −7-ஐத் தொடாமல் போயிருக்கிறது. ஐந்தாவது 5க/12. ஆறாவதில் எழுத்துகள் எல்லாம் நீங்கி 3 மட்டும் நிற்கும். க-வுக்கும் ச-வுக்கும் எந்த எண்களைப் போட்டாலும் அந்த நீண்ட கோவையின் மதிப்பு 3தான்.